திலகவதியாரின் திருநீறும் திருமுக்கூடல் மருத்துவமனையும்



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன் ஐந்து நாள் வகுப்புக்கு வரவில்லை. என்னவென்று பார்த்து வர நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் அவன் வீட்டுக்குப் போனோம். பையன் பாயில் படுத்திருந்தான். நெற்றி நிறையத் திருநீறு; தலைமாட்டில் வேப்பிலைக் கொத்து. நான்கு நாள் கடுங்காய்ச்சலாம். "நேத்தோட காய்ச்சல் விட்டுடுச்சு சார், ஆத்தா காப்பாத்திட்டா" என்றார் பாட்டி. உடனே கிளினிக்குக்குக் கொண்டு போகலாம் என்றோம். அதற்கு அந்த அம்மாள் திருப்பிக் கேட்டார்: "அப்பருக்கு வயித்து வலி வந்தப்போ அவங்க அக்கா திருநீறுதானே குடுத்தாங்க? நீங்கதானே சார் வகுப்புல சொன்னீங்க. பிள்ளை வந்து சொன்னானே!"

நாம் சொல்லிக்கொடுத்த பாடம் நம்மிடமே திரும்பி வந்து நின்றது. விடை சொல்ல அப்போது நேரமில்லை. அந்தப் பாட்டிக்கு அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இன்றைய உரையில் சொல்ல வருகிறோம்.

முதலில் கதையைப் பார்ப்போம். இதை நமக்கு விரிவாகச் சொன்னவர் சேக்கிழார். இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், அதாவது பன்னிரண்டாம் நூற்றாண்டில், பெரிய புராணம் பாடியவர். திருவாமூரிலே புகழனார், மாதினியார் தம்பதிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் திலகவதி, இளையவர் மருள்நீக்கியார். திலகவதிக்குக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவரை மணம் பேசியிருந்தார்கள். அவர் போருக்குப் போனார். இங்கே பெற்றோர் இருவரும் அடுத்தடுத்து மறைந்தார்கள். போர்க்களத்திலிருந்து கலிப்பகையார் இறந்த செய்தியும் வந்தது. திலகவதி உயிரை விடத் துணிந்தபோது, தம்பி காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அவனுக்காகத்தான் அவர் உயிர் தரித்தார். தாயாகவும் தந்தையாகவும் இருந்து வளர்த்தார்.

அந்தத் தம்பி வளர்ந்து, சமண சமயத்தில் சேர்ந்து, பாடலிபுத்திரம் என்று அந்நாளில் பெயர் பெற்றிருந்த ஊரில், இன்றைய கடலூர்ப் பக்கத்துத் திருப்பாதிரிப்புலியூரில், தருமசேனர் என்ற பெயரோடு தலைவராக விளங்கினார். அங்கேதான் சூலை நோய் பற்றியது. குடலை முறுக்கும் வலி. மடத்தில் இருந்தவர்கள் மந்திரமும் மருந்தும் செய்து பார்த்தார்கள், தீரவில்லை. அக்காளுக்கு ஆள் அனுப்பினார். "அங்கே நான் வர மாட்டேன்" என்று சொல்லியனுப்பி விட்டார் திலகவதியார். வலியோடு இரவோடு இரவாகத் தம்பியே திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தார். அக்காள் திருநீறு கொடுத்து, விடியுமுன் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர் பதிகம் பாட, நோய் தீர்ந்தது. மருள்நீக்கியார் நாவுக்கரசரானார்.

இதில் திருநீற்றை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். நேயர்களே, மற்றதையும் சற்றுக் கவனியுங்கள். பல ஆண்டு பிரிந்து போன தம்பி நள்ளிரவில் வந்து நிற்கிறான். "அன்றைக்கே சொன்னேனே கேட்டாயா?" என்று அந்த அக்காள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாமாக இருந்தால் கேட்டிருப்போம்! இன்னொன்று, அந்தத் தம்பி முதலில் மருந்தைத்தான் தேடினார். இருந்த மருந்தெல்லாம் பார்த்த பிறகுதான் திருவதிகைக்கு வந்தார். மருந்து வேண்டாமென்று யாரும் அவரைத் தடுக்கவில்லை.

மங்கையர்க்கரசியார் கதையும் இதே போன்றது. சோழர் குலப் பெண், பாண்டியன் நெடுமாறனுக்கு அரசி. மன்னனுக்கு வெப்பு நோய் கண்டபோது திருஞானசம்பந்தர் திருநீற்றுப் பதிகம் பாடித் தீர்த்தார் என்று படித்திருக்கிறோம். சம்பந்தரை மதுரைக்கு வரவழைத்தவர்கள் அந்த அரசியும் அமைச்சர் குலச்சிறையாருமே.

இந்த இரண்டு கதையிலும் சமணர்கள் தோற்றவர்களாக வருகிறார்கள். நடந்ததாகச் சொல்லப்படும் காலம் ஏழாம் நூற்றாண்டு. சேக்கிழார் எழுதியது ஐந்நூறு ஆண்டு கழித்து. வென்றவர் பக்கத்துக் கதை என்பதை நாம் மறக்கக் கூடாது. சமண சமயம் உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் ஆகிய நான்கையும் பெருந்தானமாகப் போற்றிய சமயம். ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று மருந்தின் பெயரையே நீதிநூலுக்குச் சூட்டிய கணிமேதாவியாரும் காரியாசானும் சமணப் புலவர்கள். பௌத்த காப்பியமான மணிமேகலையை எடுத்துக்கொண்டால், பசியையே நோயாகக் கண்டு, அமுதசுரபியை ஏந்தித் தெருத் தெருவாகப் போனவள் ஓர் இளம்பெண்.

இலக்கியம் போகட்டும், கல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கல்வெட்டில் கற்பனைக்கு இடம் குறைவு.

இராஜராஜ சோழனின் அக்காள் குந்தவை. தஞ்சையில் தன் தந்தை சுந்தர சோழன் பெயரால் அமைந்த ஆதுலசாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, இராஜேந்திரன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் மருத்துவக் காணியாக நிலம் கொடுத்தவர் அவர். தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்ததோடு, சமணருக்கும் ஒரு கோயில் எடுத்தார். அப்பர் கதையைக் கேட்டு வளர்ந்த சோழர் குலத்துப் பெண்தானே அவர்!

அடுத்தது திருமுக்கூடல். காஞ்சிபுரத்துக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்குள்ள பெருமாள் கோயிலில், 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலைச் சார்ந்து வேதம் கற்பிக்கும் பள்ளியும், மாணவர் தங்கும் விடுதியும், வீரசோழன் என்ற பெயரில் ஒரு மருத்துவமனையும் இருந்தன. படுக்கை பதினைந்து. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டு வரவும் மருந்து காய்ச்சவும் ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. தசமூல ஹரீதகி, வாசா ஹரீதகி என்று போகிறது அது; ஹரீதகி என்பது நம் கடுக்காய்தான். வாசா என்பது ஆடாதொடை. இரவில் எரிய விளக்குக்கு எண்ணெய் கூட ஒதுக்கியிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது ஒன்று மனத்தை உறுத்தியது. மருத்துவரின் பெயர் கல்லில் இருக்கிறது. இரவு முழுவதும் விழித்திருந்த அந்த இரண்டு பெண்களுக்கும் பெயர் இல்லை. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் நம் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த ஆயாமார்களின் பெயரைத்தான் எந்தப் பதிவேட்டில் தேடுவது?

ஆக, பதிகம் ஒலித்த அதே கோயில் வளாகத்தில் கடுக்காய் இடித்தார்கள், கத்தியும் தீட்டினார்கள். ஒன்று மற்றதற்குப் பகையென்று அவர்கள் எண்ணவில்லை.

இது நம் நாட்டுப் பழக்கம் மட்டுமா? சேக்கிழார் தமிழ்நாட்டில் பாடிய அதே நூற்றாண்டில், ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் ஹில்டெகார்ட் என்ற கிறிஸ்துவத் துறவிப் பெண் வாழ்ந்தார். 1098-இல் பிறந்து 1179-இல் மறைந்தவர். இறைக்காட்சிகள் கண்டவர், பாட்டுக் கட்டியவர், கன்னியர் மடத்தின் தலைவி. அதே கையால் செடி கொடி, கல், விலங்கு ஆகியவற்றின் மருத்துவ குணங்களைப் பெரிய நூலாக எழுதினார். நூல் இலத்தீன் மொழியில். ஆனால் செடிகளின் பெயர்களில் பலவற்றைத் தம் ஊர் மக்கள் வழங்கிய ஜெர்மன் சொல்லாலேயே எழுதினார். அவர் புகழ்ந்த மருந்துப் பொருள்களைக் கேட்டால் வியப்பீர்கள்: இஞ்சி, மிளகு, சாதிக்காய், சிற்றரத்தை! நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன சரக்குகள். கத்தோலிக்கத் திருச்சபை 2012-இல் அவரைத் தன் மறைவல்லுநர்களுள் ஒருவராக அறிவித்தது.

அவருக்குப் பின் வந்த மெக்டில்டு என்பவர் இறைவன் மீது கொண்ட காதலை இலத்தீனில் எழுதாமல் தாய்மொழியிலேயே எழுதினார். இங்கே காரைக்கால் அம்மையாரும் ஆண்டாளும் தமிழில் பாடி எத்தனையோ நூற்றாண்டு ஆகியிருந்தது. எலிசபெத் என்ற இளவரசியோ 1227-இல் கணவனைச் சிலுவைப் போர்ப் பயணத்தில் இழந்தார். அடுத்த ஆண்டே மார்பர்க் நகரில் ஏழைகளுக்கு மருத்துவமனை அமைத்து, தாமே நோயாளிகளைக் கழுவித் துடைத்தார். 1231-இல் இருபத்து நான்கு வயதில் இறந்துவிட்டார். கலிப்பகையாரை இழந்த திலகவதி நம் நினைவுக்கு வருகிறார் அல்லவா?

இனி நம் ஊருக்கு வருவோம். இந்த வானொலியின் அங்காசாபுரிக் கட்டடத்துக்கு அருகிலுள்ள பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். இன்று மாடி வீடுகளும் கடைகளும் நிறைந்த இடத்தில் பால்மரங்கள் நின்றன. நாம் பார்த்த பாட்டியின் தாயார் அங்கே மரம் வெட்டியவர். அந்தத் தலைமுறையை வாரிக்கொண்டு போனது காய்ச்சல். அக்காலத்துத் தோட்டங்களில் மாரியம்மன் கோயில் எழும்பியதற்குப் பக்தி ஒரு காரணம் என்றால், பயம் இன்னொரு காரணம்.

1897-இல் ரோனால்டு ராஸ் என்ற மருத்துவர் இந்தியாவில் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டார். 1901-இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் அதைக் கையிலெடுத்தார். அந்த ஆண்டுதான் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகமும் திறந்தது. திறந்த சில வாரங்களிலேயே காய்ச்சல் ஆட்களைச் சாய்த்தது. வாட்சன் சதுப்பு நிலத்தை வடியவிட்டு, வாய்க்கால் வெட்டச் செய்தார். கிள்ளான் நகரில் காய்ச்சல் குறைந்தது. பிறகு தோட்டங்களுக்கும் அந்த வேலை பரவியது. அம்மை நோயும் அப்படித்தான். வேப்பிலை கட்டிய வீட்டிலேயே தடுப்பூசியும் போட்டுக்கொண்டோம். 1980-இல் பெரியம்மை உலகத்திலேயே இல்லையென்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்காக மாரியம்மனுக்கு யாரும் கூழ் ஊற்றுவதை நிறுத்தவில்லையே!

பையனிடம் திரும்புவோம். அவனுக்கு வந்தது டெங்கி. அந்தக் காய்ச்சலின் சூது இதுதான்: உடம்புச் சூடு தணிகிற மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில்தான் ஆபத்து தொடங்கலாம். இரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கும். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், துவண்டு போதல் ஆகியவை அதன் அடையாளங்கள். காய்ச்சல் விட்டது என்று வீடு நிம்மதி அடைகிற நாளே பிள்ளையைக் கண் கொட்டாமல் பார்க்க வேண்டிய நாள். நாங்கள் போனபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருந்தான்.

பாட்டியிடம் வரலாறு பேசவில்லை. "ஆத்தா, அக்கா வீட்டு வாசலுக்கு வரும் வரைக்கும் அப்பர் எல்லா மருந்தும் சாப்பிட்டார். இவன் இன்னும் ஒரு மருந்தும் சாப்பிடலையே" என்று மட்டும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மருமகளைப் பார்த்து, "கார் யாருகிட்ட இருக்கு, கேளு" என்றார்.

அரசாங்க மருத்துவமனையில் ஆறு நாள். நாங்கள் பார்க்கப் போன அன்று கையில் குழாயோடு உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தான். தலையணைக்கு அடியில் செய்தித்தாளில் மடித்த திருநீற்றுப் பொட்டலம். மிஸ்ஸி படுக்கை விரிப்பை மாற்ற வந்தார். பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். விரிப்பை மாற்றி முடித்ததும் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.