வேன் போன பாதை

பழைய வேனின் சீட்டுகளைக் கழற்றி, பலகைக் கட்டிலும் அடுப்பும் பொருத்தி, அதையே வீடாக்கி ஊர் சுற்றுவது புதுப் பழக்கம் என்று நினைக்கிறோம். 1960களிலும் 70களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் பலர் இப்படித்தான் புறப்பட்டார்கள். 1950இல் உற்பத்தி தொடங்கிய வொக்ஸ்வாகன் வேன் அவர்களுக்குப் பிடித்தமானது. இஸ்தான்புல், தெஹ்ரான், ஹெராத், காபூல், லாகூர் வழியாக டில்லிக்கும் காத்மண்டுவுக்கும் போனார்கள்.

பாதையில் பெரும் பகுதி முஸ்லிம்களின் ஊர்கள். இன்று யுத்தச் செய்திகளில் மட்டும் நாம் கேட்கும் காபூலில் அன்று தங்கி, தேநீர் குடித்து, கம்பளம் வாங்கினார்கள். 'வேன்' என்பதே 'கேரவன்' என்ற சொல்லின் சுருக்கம். அதன் வேர் பாரசீகத்தின் 'கார்வான்', அதாவது வணிகக் கூட்டம். அந்தக் கூட்டங்கள் இரவு தங்கச் சராய்கள் கட்டப்பட்ட நாடுகளின் ஊடாகவே வேன்களும் போயின.

1979இல் ஈரானில் புரட்சி. அதே ஆண்டு டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. பாதை மூடிக்கொண்டது.

1344இல் நம் நாட்டுக்கு வந்த இப்னு பதூதாவை, பாவா ஆதம் மலைக்குப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து அனுப்பியவர் ஆரியச் சக்கரவர்த்தி என்ற தமிழ் மன்னர். பிள்ளைகளுக்கு வரைபடத்தில் எல்லைக் கோடுகளைக் காட்டும்போது, இந்தப் பாதைகளையும் விரலால் தொட்டுக் காட்டுவோம்.