தெப்பத்தைத் தேடிய விளக்குகள்

மொழி பயின்றோர்க்கு ஓர் அறிவியல் துறையினுள் நுழைய எளிய வாயில் அத்துறையின் பெயர்ச்சொற்களே. உயிரணுவின் சவ்வில் அருகருகே இருக்கும் இரண்டு பொருள்களின் பெயர்க்கதையிலிருந்து நாமும் தொடங்குவோம்.

ஒன்று, கொலஸ்ட்ரால். 18ஆம் நூற்றாண்டில் பித்தப்பைக் கற்களில் காணப்பட்ட ஒரு வெண்ணிறப் பொருளுக்கு, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் செவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலார் 'கொலெஸ்டெரின்' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'கொலே' என்பது பித்தம். 'ஸ்டெரியோஸ்' என்பது கெட்டியானது. கண்ட இடத்தையும் கண்ட நிலையையும் அப்படியே சொல்லும் பெயர் அது. மற்றொன்று, ஸ்பிங்கோலிப்பிடு. ஜெர்மனியில் பிறந்து லண்டனில் மருத்துவராக இருந்த டூடிகும், மூளையின் வேதியியலைப் பற்றி 1884இல் வெளியிட்ட நூலில், தாம் பிரித்தெடுத்த பொருளொன்றுக்கு 'ஸ்பிங்கோசின்' என்று பெயர் சூட்டினார். வழிப்போக்கர்களிடம் விடுகதை கேட்ட கிரேக்கத் தொன்மத்தின் ஸ்பிங்க்ஸ்தான் அந்தப் பெயருக்கு மூலம். தமக்கு விளங்காத புதிரை ஒளிக்காமல், அப்புதிரையே பெயராக்கிவிட்டார். ஸ்பிங்கோசினை அடிப்படையாகக் கொண்ட கொழுப்புகள் எல்லாம் இன்று ஸ்பிங்கோலிப்பிடுகள் எனப்படுகின்றன.

இவ்விரண்டையும் குடுவையில் பிரித்தெடுத்துப் பெயரிடுவது ஒரு காரியம். உயிருள்ள அணுவின் சவ்வில் அவை எங்கே, எப்படி இருக்கின்றன என்று காண்பது முற்றிலும் வேறொரு காரியம். முதலாவது 19ஆம் நூற்றாண்டிலேயே கைகூடியது. இரண்டாவது இன்னும் முற்றுப்பெறவில்லை. அந்த முயற்சியின் வரலாறே இக்கட்டுரைக்குப் பொருள்.

முதலில் சவ்வைப் பற்றிச் சில சொற்கள். 1925இல் ஹாலந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து நீர்ப்பரப்பில் ஒற்றைப் படலமாகப் பரப்பினர். அது அணுக்களின் மேற்பரப்பைப் போல இருமடங்கு இடத்தை அடைத்தது. ஆகவே சவ்வு என்பது கொழுப்பின் இரட்டை அடுக்கு என்று முடிவு கட்டினர். கொழுப்பை அவர்கள் முழுமையாகப் பிரித்தெடுக்கவில்லை. அணுவின் பரப்பையும் குறைவாகவே கணக்கிட்டிருந்தனர். இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ள, முடிவு சரியாக அமைந்துவிட்டது. பின்னர் 1972இல் சிங்கர், நிக்கல்சன் இருவரும் சவ்வை ஒரு கொழுப்புக் கடலாகவும், புரதங்களை அதில் மிதப்பனவாகவும் வரைந்துகாட்டினர். கடல் எங்கும் ஒரே தன்மையுடையதா, அல்லது அதற்குள் திட்டுகள் உண்டா என்ற கேள்வி அதன்பின் வலுப்பெற்றது.

விடை காண்பது எளிதன்று. சவ்வின் தடிப்பு 4 அல்லது 5 நானோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கியோ ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்தறியாது. இந்த வரம்பை 1873இலேயே எர்ன்ஸ்ட் அபே வகுத்துவிட்டார். மேலும், கொழுப்பு மூலக்கூறுகளுக்குப் புலப்படும் நிறமில்லை. இருட்டில் நிற்கும் ஆளைக் காண அவன் கையில் ஒரு விளக்கைக் கொடுப்பதைப் போல, அவற்றுக்கும் ஒளி கொடுத்தாக வேண்டும்.

அந்த ஒளியின் தன்மையை 1852இல் விளக்கியவர் கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். சூரிய நிறமாலையில் ஊதாவுக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத பகுதியில், குயினைன் கரைசலை வைத்தபோது அது நீலமாக ஒளிர்ந்தது. புலனாகாத ஒளியை வாங்கிப் புலனாகும் ஒளியாகத் திருப்பித் தரும் அப்பண்பே உடனொளிர்வு. இப்பண்புடைய மூலக்கூறுகளைக் கொண்டு பிறிதொன்றைக் காட்டச் செய்யும்போது அவற்றை ஒளிர்காட்டிகள் என்று இங்கே அழைத்துக்கொள்வோம்.

கொலஸ்ட்ராலுக்கு வாய்த்த முதல் ஒளிர்காட்டிகளில் ஒன்று மண்ணிலிருந்து வந்தது. 1955இல் பிலிப்பைன்ஸ் நாட்டு மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பூஞ்சைகளைக் கொல்லும் பொருளொன்று பிரித்தெடுக்கப்பட்டது. ஊரின் பெயராலேயே அது ஃபிலிப்பின் எனப்பட்டது. கொலஸ்ட்ராலை நாடிச் சென்று ஒட்டிக்கொள்வதும், புறஊதாக் கதிரில் நீலமாக ஒளிர்வதும் அதன் இயல்புகள். ஆனால் ஒட்டிய சவ்வை அது சிதைத்துவிடும். ஆகவே வேதிப்பொருளால் உறையவைக்கப்பட்ட, உயிரற்ற அணுக்களில்தான் அதைப் பெரிதும் பயன்படுத்த முடிகிறது. ஒளியும் விரைவில் மங்கிவிடுகிறது.

இத்தனை குறைகள் கொண்ட அந்த விளக்கை நம்பித்தான் பல குடும்பங்கள் காத்திருந்தன என்பதை இங்கே சொல்ல வேண்டும். நீமன்-பிக் சி என்பது அரிதான பரம்பரை நோய். அணுவுக்குள் வந்த கொலஸ்ட்ரால் வெளியேற வழியின்றி அதன் செரிமானப் பைகளிலேயே தேங்கிவிடுகிறது. நோயுற்ற குழந்தைகள் நடையையும் பேச்சையும் விழுங்கும் திறனையும் சிறிது சிறிதாக இழக்கின்றனர். குழந்தையின் தோலிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, அணுக்களை வளர்த்து, ஃபிலிப்பின் தோய்த்துப் பார்ப்பதே நெடுங்காலம் முதன்மையான சோதனையாக இருந்தது. அணுக்கருவைச் சுற்றி நீலப் புள்ளிகள் செறிந்து தெரிந்தால் நோய் உறுதி. ஆனால் சில நோயாளிகளின் அணுக்களில் அந்த நீலம் மிக மங்கலாகவே தெரியும். ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்நோய்க்குக் காரணமான முதன்மை மரபணு 1997இல் கண்டறியப்பட்டது. இன்று இரத்தச் சோதனையும் மரபணுச் சோதனையுமே முதலில் செய்யப்படுகின்றன. ஃபிலிப்பின் துணைச்சான்றாக நிற்கிறது. விளக்கின் குறை ஆய்வாளரின் கவலை மட்டுமன்று, ஒரு வீட்டின் கவலையும்கூட என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

உயிருள்ள அணுவில் கொழுப்பின் நடமாட்டத்தைக் காண வேறு வழி தேடினர். கொழுப்பு மூலக்கூறோடு ஒளிரும் துணுக்கு ஒன்றை வேதிப்பிணைப்பால் இணைத்து அணுவுக்குள் அனுப்புவது அவ்வழி. அமெரிக்காவில் ரிச்சர்ட் பகானோவும் லிப்ஸ்கியும் 1983இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்பம். ஸ்பிங்கோலிப்பிடுகளின் முன்னோடியான செராமைடுடன் என்பிடி என்ற ஒளிர்துணுக்கை இணைத்து உயிரணுக்களுக்கு அளித்தனர். அது கோல்கி உறுப்பில் போய்ச் சேர்ந்தது. அங்கே ஸ்பிங்கோலிப்பிடாக உருமாறி, பிறகு அணுவின் மேற்பரப்பை அடைந்தது. கொழுப்பின் பயணம் உயிருள்ள அணுவிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. 1991இல் பகானோ குழுவினர் போடிபை என்ற மற்றொரு துணுக்கைப் பயன்படுத்தினர். அது தனித்தனியே இருக்கையில் பச்சையாகவும், நெருங்கிக் குவிகையில் சிவப்பாகவும் ஒளிரும். இடத்தோடு செறிவையும் சொல்லத் தெரிந்த விளக்கு அது.

ஆனால் ஓர் ஐயம் கூடவே வளர்ந்தது. கொழுப்பு மூலக்கூறு சிறியது. அதில் இணைக்கப்பட்ட துணுக்கோ அதன் உடலோடு ஒப்பிடத்தக்க அளவுடையது. அதிலும் என்பிடி நீரை விரும்பும் இயல்புடையது. கொழுப்பின் வாலில் அதைக் கட்டினால், சவ்வின் உட்புறத்தில் அமிழ்ந்திருக்க வேண்டிய வால் வளைந்து மேலே நீர்ப்பக்கம் வந்துவிடுகிறது. பகானோவின் செராமைடிலோ வால் இயற்கையானதைவிடக் குட்டையானது. அதனால்தான் அது அணுவுக்குள் எளிதில் புகுந்தது. அப்படியானால் நாம் காண்பது செராமைடின் பயணமா, விளக்கேந்திய வேறொரு பொருளின் பயணமா? இந்தக் கேள்விக்கு அஞ்சியவர்கள், தானே ஒளிரும் ஸ்டெரால்களை நாடினர். டிஹைட்ரோ எர்கோஸ்டெரால் கொலஸ்ட்ராலை மிகவும் ஒத்தது. சில இரட்டைப் பிணைப்புகளும் ஒரு மெதில் தொகுதியுமே வேறுபாடு. இயல்பில் நெருக்கம் கிடைத்தது. ஆனால் ஒளி மிகவும் மெலிந்தது, விரைவில் மங்குவது. விளக்கைப் பிரகாசமாக்கினால் ஆள் மாறுகிறான். ஆளை மாற்றாமலிருந்தால் விளக்கு மங்குகிறது.

இந்த இக்கட்டின் முழு வலியும் வெளிப்பட்டது தெப்பப் பூசலில்தான். கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோலிப்பிடும் ஒன்றையொன்று நாடிச் சேர்ந்து, சவ்வாகிய கடலில் சற்றே இறுகிய தெப்பங்களாக மிதக்கின்றன. குறிப்பிட்ட புரதங்கள் அவற்றின்மீது ஏறிச் செல்கின்றன என்ற கருத்தை கை சைமன்ஸும் எலினா இகோனனும் 1997இல் 'நேச்சர்' இதழில் முன்வைத்தனர். அதற்கு முதன்மைச் சான்று 1992இல் பிரவுன், ரோஸ் செய்த ஆய்வு: குளிர்ந்த சோப்புப்பொருளில் சவ்வைக் கரைத்தால், இவ்விரு கொழுப்புகளும் சில புரதங்களும் கரையாமல் எஞ்சுகின்றன. எஞ்சியது முன்பே இருந்த தெப்பமா, சோப்பு உண்டாக்கிய திரளா என்று எதிர்த்தரப்பு கேட்டது. 1998இல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ராஜத் வர்மா, சத்யஜித் மேயர் இருவரும் ஒளிர்வின் நுட்பமொன்றைக் கொண்டு, உயிரணுப் பரப்பில் சில புரதங்கள் நுண்ணிய கூட்டங்களாக இருப்பதையும், கொலஸ்ட்ராலைக் குறைத்தால் அக்கூட்டங்கள் கலைவதையும் காட்டினர். ஆயினும் ஐயம் ஓயவில்லை. 2003இல் ஷான் மன்ரோ எழுதிய விமரிசனம், தெப்பங்கள் பிடிபடாதவையா வெறும் மாயையா என்றே தலைப்பில் வினவியது.

2009இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் எக்லிங், ஸ்டெஃபான் ஹெல் முதலியோர் அபேயின் வரம்பைத் தாண்டும் நுண்ணோக்கியால் உயிரணுவின் சவ்வைப் பார்த்தனர். ஒளியூட்டப்பட்ட ஸ்பிங்கோலிப்பிடுகள் 20 நானோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் 10 முதல் 20 மில்லிவினாடி வரை சிக்கி நின்று, பிறகு விடுபட்டன. கொலஸ்ட்ராலைக் குறைத்தால் அந்தச் சிக்கலும் குறைந்தது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பலமுறை கூடிப் பிரிவதைத் தெப்பம் என்று சொல்லலாமா என்பது வேறு. 2013இல் அமெரிக்காவின் மேரி கிராஃப்ட் குழுவினர் விளக்கே இல்லாமல், அணு எடையில் மட்டும் வேறுபட்ட ஐசோடோப்புகளைக் கொண்டு சவ்வைப் படமெடுத்தனர். ஸ்பிங்கோலிப்பிடுத் திட்டுகள் தெரிந்தன. ஆனால் அவற்றில் கொலஸ்ட்ரால் மிகுந்திருக்கவில்லை. அவர்களும் உயிருள்ள அணுவைப் பார்க்க முடியவில்லை. உறையவைத்து உலர்த்திய அணுவையே பார்த்தனர். எந்தச் சாட்சியும் குறையற்றதாக இல்லை.

இதற்கிடையே வேறு இரு வழிகள் திறந்தன. சவ்வைத் தாக்குவதற்கென்றே இயற்கை படைத்த நச்சுப்புரதங்களைக் காட்டிகளாக்குவது ஒன்று. மண்புழுவின் உடல்திரவத்திலுள்ள லைசெனின், ஸ்பிங்கோலிப்பிடுகளில் ஒன்றான ஸ்பிங்கோமையலினை மட்டுமே பற்றுகிறது என்று ஜப்பானியர் 1998இல் கண்டனர். நச்சுத்தன்மையை நீக்கிப் பற்றும் பகுதியை மட்டும் எடுத்து அதற்கு ஒளியூட்டினால் போதும். மற்றொரு வழி, மூலக்கூறை விட்டு அதன் சுற்றுச்சூழலைக் கேட்பது. கிரெகோரியோ வெபர் 1979இல் உருவாக்கிய புரோடனின் வழிவந்த லார்டன், சவ்வின் இறுகிய பகுதியில் நீலமாகவும் நெகிழ்ந்த பகுதியில் பச்சையை நோக்கியும் ஒளிர்கிறது. 'யார் இங்கே' என்று கேளாமல் 'இங்கே எப்படி இருக்கிறது' என்று மட்டும் கேட்கும் அடக்கமான விளக்கு இது.

2017இல் ஜப்பானில் கினோஷிடா முதலியோர் செய்தது இவ்வரலாற்றின் தருக்கத்துக்குப் பொருந்தி வருவது. ஒளிர்துணுக்கை ஸ்பிங்கோமையலினின் வாலில் கட்டாமல், நீரை நோக்கிய தலைப்பகுதியில் நீண்ட கயிறு போன்ற இணைப்பால் தொலைவில் கட்டினர். விளக்கேந்திய ஸ்பிங்கோமையலின் விளக்கில்லாததைப் போலவே இறுகிய பகுதிகளை நாடிச் சென்றது.

உரைகளின் துணைகொண்டு பழம்பாடல்களை அணுகும் நமக்கு இந்த வரலாறு அந்நியமானதன்று. உரையாசிரியர் இல்லாவிடில் பாடலின் பெரும்பகுதி நமக்கு இருள். உரையாசிரியரின் காலமும் சமயமும் கொள்கையும் பாடலின்மேல் நிழலாக விழுவதும் உண்மை. அதனால் உரையை எறிந்துவிடுவதில்லை. பல உரைகளை அருகருகே வைத்து, எது எங்கே ஏன் விலகுகிறது என்று பார்க்கிறோம். சவ்வை ஆய்வோரும் இன்று அதையே செய்கிறார்கள். ஒரு காட்டி சொன்னதை மற்றொரு காட்டியிடம் கேட்டு உறுதிசெய்யாமல் எதையும் ஏற்பதில்லை. டூடிகும் புதிர் என்று பெயரிட்டு 140 ஆண்டுகள் கடந்துவிட்டன. புதிரின் பாதியேனும் விளங்கியிருக்கிறதென்றால், விளக்கையும் சேர்த்து ஐயுறக் கற்றுக்கொண்டதே அதற்குக் காரணம்.