கம்பெனி வீட்டு அடுப்பு

நாடகத்திலும் சினிமாவிலும் பின்னர் தொலைக்காட்சியிலும் பணத்தைப் போட்டு, ஆட்களைச் சேர்த்து, லாபம் வந்தால் மாலை போட்டுக்கொண்டும் நஷ்டம் வந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டும் போகிறவருக்கு இன்று தயாரிப்பாளர் என்று பெயர் வழங்குகிறோம். நாடகக் கம்பெனிகள் நடந்த காலத்தில் அவருக்கு வழங்கிய பெயர் முதலாளி. பேசும்படம் வந்த பிறகு அது பட முதலாளி என்றும், பத்திரிகைகளின் மரியாதைப் பாஷையில் படாதிபதி என்றும் ஆயிற்று. தயாரிப்பாளர் என்ற சொல்லில் சோப்பும் தீப்பெட்டியும் செய்கிற ஆலையின் வாசனை கொஞ்சம் வீசுவதாக எனக்கு ஓர் எண்ணம் உண்டு. முதலாளி என்ற சொல்லிலோ, முதலை உடையவர் என்பதோடு கூட, தம்மை நம்பி வந்தவர்களுக்கு இரண்டு வேளைச் சோற்றுக்கு வழி செய்யக் கடமைப்பட்டவர் என்கிற பழைய அர்த்தமும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கடமை பேச்சளவில் நின்றதல்ல. புகை வரும் அடுப்பாகவே இருந்தது.

சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக இருந்து 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும், அதற்கு முன்னும் பின்னும் மதுரை, தஞ்சை ஜில்லாக்களில் தோன்றிய எத்தனையோ பாய்ஸ் கம்பெனிகளையும் நாம் கலையின் சரித்திரமாகவே படித்துப் பழகிவிட்டோம். ஆனால் ஒரு கம்பெனி ஓர் ஊருக்குப் போய் இறங்கியவுடன் முதலாளி தேடியது கொட்டகைக்கு இடத்தை மட்டுமல்ல. நாற்பது ஐம்பது பேர் படுத்து எழுந்து, குளித்து, பாடம் படித்து, சாப்பிடுவதற்கு ஏற்ற விசாலமான ஒரு வீட்டையும் தேடினார். அதற்குக் கம்பெனி வீடு என்று பெயர். அங்கே பையன்களுக்குப் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுக்க வாத்தியார் ஒருவர், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், சீன்களைக் கட்டி இழுக்கிறவர்கள், எல்லோருக்கும் சமைத்துப் போடுகிறவர் என்று ஒரு பெரிய குடும்பமே குடியிருந்தது. பையனின் தகப்பனாரோ தாயாரோ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின்படி, சாப்பாடும் துணிமணியும் கம்பெனியைச் சேர்ந்தது. சொற்பமான சம்பளம் பெரும்பாலும் மணியார்டராக ஊருக்குப் போய்விடும். பிற்காலத்தில் திரையில் வில்லனாகப் பெயரெடுத்த நம்பியார், நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்தவர். அந்தக் கம்பெனியின் கட்டுப்பாடும் பிரார்த்தனையும் ஒரு குருகுலத்துக்கு ஒப்பாகப் பேசப்பட்டவை.

கொட்டகையில் ஜனங்கள் கூடுகிற மாதங்களில் இந்த ஏற்பாடு அழகாகவே நடந்தது. இரவு சாப்பாடு முடிந்து மணியடித்துத் தொடங்குகிற நாடகம் விடிகிற வேளை வரையில் நடக்க, தரை, பெஞ்சு, நாற்காலி, சோபா என்று வகுப்பு வகுப்பாக வசூலாகிற காசு மறுநாள் காலையில் அரிசியாகவும் பருப்பாகவும் மாறிவிடும். ஐப்பசி கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் கீற்றுக் கொட்டகைக்கு யாரும் வர மாட்டார்கள். வசூல் நிற்கும், ஆனால் பசி நிற்பதில்லை. வாடகை பாக்கிக்காகச் சீன் படுதாக்களை ஒருவர் பிடித்து வைத்துக்கொள்ள, மளிகைக் கடைக்காரருக்கு உடுப்புப் பெட்டியை அடமானம் வைத்து, அடுத்த ஊருக்கு ரயில் சத்தம் கொடுக்கக் கையில் காசில்லாமல் முதலாளி திகைத்து நிற்கிற காட்சி, அந்தக் காலத்து நடிகர்களின் நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

இதைவிட நுட்பமான நஷ்டம் ஒன்றும் இருந்தது. ஸ்திரீபார்ட்டாகவோ பாலபார்ட்டாகவோ மேடையில் நின்று பாடி, ஊரையே கட்டிப்போட்ட பையனுக்குப் பதினான்கு பதினைந்து வயதில் மகரக்கட்டு உடைந்து குரல் கரகரத்துப்போனால், முதலாளி பல வருஷங்கள் சோறு போட்டுச் சேர்த்து வைத்த முதல் ஓர் இரவில் கரைந்துபோனதற்குச் சமானம். குரல் திரும்பி வருமா வராதா என்று யாராலும் சொல்ல முடியாது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் ராஜபார்ட்டாகப் புகழ்பெற்ற பி. யு. சின்னப்பாவுக்கும் இந்தச் சங்கடம் நேர்ந்தது. குரலை இழந்து, பிறகு பயிற்சியால் மீட்டுக்கொண்டு, சினிமாவில் அதே குரலால் அரசாண்டார். மீட்டுக்கொள்ள முடியாதவர்கள் பக்கவாத்தியத்துக்கோ ஒப்பனைக்கோ போனார்கள், சிலர் சமையற்கட்டுக்கே போனார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் ஒரே இரவில் உட்கார்ந்து ஒரு முழு நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தார் என்று வியப்போடு சொல்கிறோம்; அந்த அவசரத்துக்குப் பின்னால், புது நாடகம் இல்லாவிட்டால் அடுத்த வாரம் வசூல் இல்லை என்கிற அடுப்பின் நெருக்கடியும் இருந்திருக்கத்தான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அடுப்பே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் இரண்டு திசைகளில் இருந்தார்கள். ஒரு திசையில் ஸ்பெஷல் நாடகம். அதில் கம்பெனியும் இல்லை, ஒத்திகையும் இல்லை. கண்ட்ராக்டர் ஒருவர் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும் பபூனை மூன்றாவது ஊரிலிருந்தும் அன்றைய இரவுக்கு மட்டும் பேசி வரவழைத்து, எல்லோருக்கும் மனப்பாடமான வள்ளி திருமணத்தையோ கோவலனையோ நடத்திவிட்டு, விடிந்ததும் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் எதிரெதிரே நின்று பாடினால் ஊர் திரண்டது. கண்ட்ராக்டருக்குக் காப்பாற்ற வேண்டிய குடும்பம் எதுவுமில்லை. இன்னொரு திசையில் சென்னையில் 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு தொடங்கிய சுகுண விலாச சபை. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்த அந்தச் சபையில் ஒருவருக்கும் நடிப்பு ஜீவனமில்லை. ஆகையால் முதலாளி என்ற பிராணியே அங்கே தேவைப்படவில்லை. பிற்பாடு நீதிபதியாகவும் இருந்த முதலியாரின் நாடகங்களைக் கம்பெனிகள் ஓடியோடி ஆடின. கம்பெனி நடிகர்களைக் கூத்தாடிகள் என்று இகழ்ந்த உலகம், அதே நாடகத்தைச் சபை அங்கத்தினர்கள் நடித்தால் கலைத்தொண்டு என்றது. வித்தியாசம் நடிப்பில் இருந்ததைக் காட்டிலும் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்பதில்தான் இருந்தது.

1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் வந்தது. அதன் பின் வந்த சில வருஷங்களில் நாடகக் கம்பெனிகள் கூட்டம் கூட்டமாகப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறின. ஏனென்றால் சென்னையில் பேசும்பட ஸ்டூடியோ 1934-இல் ஏ. நாராயணன் ஸ்ரீநிவாஸ சினிடோனைத் தொடங்கும் வரையில் கிடையாது. டி. கே. எஸ். சகோதரர்கள் தங்கள் சபையோடு போய் 1935-இல் மேனகாவில் நடித்ததும் பம்பாயில்தான். வடக்கே போன குழுக்களுக்குப் பாஷையைக் காட்டிலும் பெரிய தொல்லையாக இருந்தது சோறு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆகவே கம்பெனி வீட்டு அடுப்பும் கூடவே பிரயாணம் செய்தது. பணத்தின் அளவு மட்டும் திடீரென்று மாறிப்போயிற்று. கணவர் கிட்டப்பா 1933-இல் மறைந்த பின்னர் நடிப்பதையே விட்டிருந்த சுந்தராம்பாளை நந்தனாராக நடிக்கக் கேட்டபோது, தட்டிக்கழிப்பதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் என்று அவர் சொல்ல, தயாரிப்பாளர் அசந்தாஸ் அதற்கும் சம்மதித்துவிட்டார். 1935-இல் வந்த அந்தப் படம் போட்ட பணத்தை மீட்கவில்லை. காளிதாஸில் நடித்த டி. பி. ராஜலட்சுமியோ, ஸ்பெஷல் நாடக மேடையில் வளர்ந்தவராயிருந்தும், 1936-இல் தாமே பணம் போட்டு, தாமே இயக்கி மிஸ் கமலாவை எடுத்தார். நாடக மேடையில் கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே கம்பெனி நடத்தி, அவர் நாடகத்துக்காகத் தனி ரயில் விட்டார்கள் என்று சொல்லும்படி வாழ்ந்ததை நினைத்தால், பெண் முதலாளி என்பது சினிமா கண்டுபிடித்த புதுமையல்ல என்பது விளங்கும்.

கம்பெனி வீட்டுக்கு மதில் சுவர் எழுப்பினால் அது ஸ்டூடியோ ஆகிவிடும். லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில் கற்றுத் திரும்பிய டி. ஆர். சுந்தரம் சேலத்தில், ஏற்காட்டு மலை தெரிகிற இடத்தில், மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவி நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தபோது, கதாசிரியர் முதல் தச்சர் வரையில் எல்லோரும் மாதச் சம்பளத்துக்கு ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தார்கள். ஆலைச் சங்கைப் போல நேரம் பார்த்து வேலை நடந்தது. எஸ். எஸ். வாசன் 1948-இல் சந்திரலேகாவை வெளியிட்ட ஜெமினியிலும் அப்படித்தான். கதை யோசிப்பதற்கென்றே ஓர் இலாகா வைத்துச் சம்பளம் கொடுத்த மனிதர் அவர். காரைக்குடி ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் கிராமபோன் தட்டு வியாபாரத்திலிருந்து படத் தொழிலுக்கு வந்து, முதற்படமான அல்லி அர்ஜுனாவில் கையைச் சுட்டுக்கொண்டு, பம்மல் முதலியாரின் சபாபதி நாடகத்தை 1941-இல் படமாக்கி ஜனங்களைச் சிரிக்க வைத்து, யுத்தம் முடிந்த சமயத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகைகளைப் போட்டு ஏ.வி.எம். ஸ்டூடியோவைத் தொடங்கினார். நடிகர்களும் தொழிலாளிகளும் அங்கேயே குடியிருந்து வேலை செய்த அந்த இடத்தைப் பாய்ஸ் கம்பெனியின் கடைசி அவதாரம் என்று சொல்லத் தோன்றுகிறது. அங்கே எடுத்து 1947-இல் வந்த நாம் இருவரும் என். எஸ். கிருஷ்ணனின் குழு நடித்த ப. நீலகண்டனின் நாடகமே.

இத்தகைய பெரிய அடுப்புகளைப் பலர் மூட்ட முடியாது. ஆகவே ஸ்டூடியோ இல்லாத தயாரிப்பாளர் என்று புது ஜாதி ஒன்று பிறந்தது. அவர் கதையையும் நட்சத்திரத்தையும் காட்டி ஏரியா ஏரியாவாக விநியோகஸ்தரிடம் முன்பணம் வாங்கி, மீதிக்கு ஃபைனான்ஸியரிடம் நெகட்டிவ் உரிமையை எழுதிக்கொடுத்து, ஸ்டூடியோத் தளத்தைக் கால்ஷீட் கணக்கில் வாடகைக்கு எடுத்துப் படம் முடிப்பார். கையில் காசு குறைவாக இருந்ததனால் இவர்களிடம் துணிச்சல் குறைவாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பராசக்தியை ஏ.வி.எம்முடன் கூட்டாக எடுத்த பி. ஏ. பெருமாள் முதலியார், மேடையிலிருந்து வந்த ஒல்லியான ஒரு வாலிபனை மாற்ற வேண்டும் என்று எழுந்த யோசனைக்கு இணங்காமல் பிடிவாதமாக நின்றார். அந்த வாலிபன்தான் சிவாஜி கணேசன். முதலாளியின் வேலை எது என்று என்னைக் கேட்டால், அந்தப் பிடிவாதத்தைத்தான் காட்டுவேன்.

ஐம்பதுகளில் கம்பெனி வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாயின. அந்த இடத்துக்கு வந்தவர்கள் சென்னையின் ஆபீஸ் குமாஸ்தாக்கள். நன்னிலத்துப் பக்கம் 1930-இல் பிறந்து, கொஞ்ச காலம் முத்துப்பேட்டையில் வாத்தியாராக இருந்து, அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் வேலைக்கு வந்த கே. பாலசந்தர், ராகினி ரிக்ரியேஷன்ஸ் என்ற குழுவை வைத்துக்கொண்டு, ஆபீஸ் விட்ட பிறகு ஒத்திகையும் விடுமுறையில் நாடகமுமாக மேஜர் சந்திரகாந்த், சர்வர் சுந்தரம், நீர்க்குமிழி முதலியவற்றை நடத்தினார். ரயில்வேயில் வேலை பார்த்த நாகேஷும், மேஜர் வேஷத்தாலேயே பட்டம் பெற்ற சுந்தரராஜனும் அந்த மேடையில் நின்றவர்கள். நடிகர்களுக்குச் சர்க்கார் சோறு போட்டது. நஷ்டத்துக்குச் சபாக்களின் சந்தாதாரர்கள் பொறுப்பு. குழுவின் முதலாளிக்கு மிஞ்சியது செட்டுச் செலவும் காபிச் செலவும். சுகுண விலாச சபையின் சௌகரியம் மத்தியதர வர்க்கத்துக்கு இறங்கி வந்துவிட்டது. கீற்றுக் கொட்டகையின் பிரம்மாண்டமும் அதோடு போயிற்று. இரண்டு நாற்காலியும் ஒரு டெலிபோனும் போதும் என்றாகிவிட்டது. அந்த எளிமையிலிருந்துதான் வசனத்தைக் கத்தியாகத் தீட்டுகிற கலை வளர்ந்தது என்றாலும், ஆர். எஸ். மனோகர் இலங்கேஸ்வரனில் காட்டிய தந்திரக் காட்சிகளைக் கண்டு ஜனங்கள் வாயைப் பிளந்ததையும் மறக்கலாகாது.

சர்வர் சுந்தரம் 1964-இலும் மேஜர் சந்திரகாந்த் 1966-இலும் ஏ.வி.எம். படங்களாக வந்தன. பிறர் பணத்தில் பல வருஷங்கள் படம் இயக்கிய பாலசந்தர், 1981-இல் கவிதாலயாவைத் தொடங்கித் தாமே முதலாளியானபோது, முதற்படமான நெற்றிக்கண்ணை இயக்குகிற பொறுப்பை எஸ். பி. முத்துராமனிடம் கொடுத்தார், 1992-இல் ரோஜாவுக்காக மணிரத்னத்தை நம்பினார். தாமே இயக்கத் தெரிந்த ஒருவர் இன்னொருவருக்குத் தளத்தை விட்டுக்கொடுத்து ஒதுங்கி நிற்பது, வெளியிலிருந்து பார்ப்பதற்கு எளிது.

1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பின், செவ்வாய்க்கிழமை நாடகத்துக்காகத் தெருவே ஒரு வீட்டில் கூடியது. சர்க்கார் நிலையத்தில் தயாரிப்பாளர் என்பவர் சம்பள உத்தியோகஸ்தர். நஷ்டம் என்ற சொல்லே அவர் அகராதியில் இல்லை. பதின்மூன்று வாரத் தொடர்கள் வந்து விளம்பரதாரர் நுழைந்த பிறகுதான் பழைய முதலாளி திரும்பி வந்தார். பாலசந்தரே ரயில் சிநேகமும் கையளவு மனசும் எடுத்தார். 1993-இல் சன் தொலைக்காட்சி வந்ததும் வியாபாரம் வேறு உருவம் எடுத்தது: தயாரிப்பாளர் அலைவரிசையிடம் அரைமணி நேரத்தை விலைக்கு வாங்கி, அதற்குள் அடங்குகிற விளம்பர வினாடிகளைத் தாமே விற்றுக்கொள்ள வேண்டும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நேரத்துக்குக் குத்தகை கட்டியாக வேண்டும்.

இந்தக் குத்தகையில் வென்றவர்களுள் முன்னால் நிற்பவர் நடிகை ராதிகா. 1999-இல் தொடங்கி இரண்டு வருஷங்கள் வார நாட்களில் தினமும் இரவு வீடுகளைப் பிடித்துவைத்த சித்தி, அவருடைய ராடான் நிறுவனத்தின் தொடர். அவர் தந்தை எம். ஆர். ராதா, சிறுவனாகப் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்து, பிறகு சொந்தக் கம்பெனி நடத்தி, ரத்தக்கண்ணீரை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்.

வளசரவாக்கத்திலும் சாலிக்கிராமத்திலும் படப்பிடிப்புக்கென்றே வாடகைக்கு விடுகிற பங்களாக்கள் இருக்கின்றன. விடிவதற்கு முன் அங்கே முதலில் வந்து நிற்பது காமிராவும் அல்ல, நடிகரும் அல்ல. புரொடக்‌ஷன் ஆட்களின் வேன். அண்டாக்களை இறக்கி, கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, இட்லித் தட்டை ஏற்றிவிட்டு, இன்று எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்கிறார்கள்.