மறைத்தவரும் தேடியவரும்: ஜியோகேச்சிங் பிறந்த வரலாறு



ஒருவர் சிறு பெட்டியொன்றைக் காட்டோரம் மறைத்து வைக்கிறார். அது இருக்குமிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் உலகிற்கு அறிவிக்கிறார். அவரை ஒருபோதும் கண்டிராத மற்றொருவர் கையடக்க ஜிபிஎஸ் கருவியுடன் அவ்விடம் சென்று, பெட்டியைக் கண்டெடுத்து, உள்ளிருக்கும் குறிப்பேட்டில் தம் பெயரை எழுதி, இருந்தபடியே வைத்துத் திரும்புகிறார். ஜியோகேச்சிங் என்னும் பொழுதுபோக்கு இவ்வளவே. புதிதாக ஜிபிஎஸ் கருவி வாங்கியவர்கள் பிள்ளைகளோடு ஈடுபடத் தக்கது. ஆயினும் இதன் வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும்: இடத்தைக் காட்டுவது எண் மட்டுமன்று, அந்த எண்ணைச் சொன்னவரின் வாய்மையும்தான்.

ஓர் ஊரை எண்களால் குறிப்பது பழைய கலை. அட்சரேகையை அறிவது ஓரளவு எளிது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தால் போதும். தீர்க்கரேகையோ அவ்வாறன்று. இரண்டு ஊர்களின் நேர வேறுபாடு தெரிந்தாலன்றி அதைக் கணிக்க இயலாது. தொலைபேசியோ தந்தியோ இல்லாத காலத்தில் இதை எவ்வாறு அறிவது?

கி.பி. 997ஆம் ஆண்டு அல்லாமா அல்பிரூனி அதற்கொரு வழி கண்டார். அப்போது அவர் குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரில் வாழ்ந்த இளைஞர். பக்தாதில் இருந்த வானியல் அறிஞர் அபுல் வஃபாவும் அவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, ஒரே சந்திர கிரகணத்தைத் தத்தம் ஊரில் நின்று நோக்கினர். கிரகணம் இருவர்க்கும் ஒரே கணத்தில் நிகழ்ந்தது. ஊர்களின் நேரம் மட்டும் வேறுபட்டது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே அந்த நேர வேறுபாடே தீர்க்கரேகை வேறுபாட்டைத் தந்துவிட்டது. பின்னர் கஸ்னா நகரின் கிப்லாவைத் திருத்தமாக அறியும் பொருட்டு, ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை ஆராய்ந்து 'தஹ்தீத்' என்னும் நூலை அவர் 1025இல் நிறைவு செய்தார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பக்தாதில் நின்றவர் கண்டதைக் காத்தில் நின்றவர் காணவில்லை. தோழர் உள்ளபடியே அறிவித்தார் என்று நம்பித்தான் கணக்கிட்டார். அறிவிப்பாளரின் நேர்மையை ஆராய்ந்து செய்தியை ஏற்பது நம் மார்க்கக் கல்வியின் அடிப்படை. அந்த ஒழுங்கு வானியலிலும் தேவைப்பட்டது.

இன்றைய ஜிபிஎஸ் கருவியும் நேர வேறுபாட்டைக் கொண்டே இடத்தை அறிகிறது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் அணுக்கடிகாரங்களைச் சுமந்து, நேரத்தை ஓயாது அறிவித்துக்கொண்டிருக்கின்றன. கையிலுள்ள கருவி எதையும் அனுப்புவதில்லை. கேட்டுக்கொண்டு மட்டுமே இருக்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அறிவிப்பு எவ்வளவு தாமதித்து வந்தது என்று கணித்துத் தன் இடத்தை அறிகிறது. அதன் நேரக் கணக்கு ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும், தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும்.

இவ்வமைப்பின் முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. நோக்கம் இராணுவம். 1983இல் வழிதவறிச் சோவியத் வான்பரப்பில் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன்பின் ஜிபிஎஸ்ஸைப் பொதுமக்களுக்கும் திறந்துவிடுவதாக அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன் அறிவித்தார். எனினும் பொதுமக்களுக்குரிய சமிக்ஞை வேண்டுமென்றே மழுங்கடிக்கப்பட்டது. 100 மீட்டர் வரை பிழை காட்டியது. அந்நிலையில் பெருந்தெருவைக் கண்டுபிடிக்கலாம். ஒரு புதரடியைக் கண்டுபிடிக்க முடியாது.

2000ஆம் ஆண்டு மே 1 அன்று குடியரசுத் தலைவர் கிளின்டன் அந்த மழுங்கடிப்பு நள்ளிரவோடு நீங்கும் என அறிவித்தார். உலகெங்கும் இருந்த கருவிகள் ஓரிரவில் கூர்மை பெற்றன. மே 3 அன்று ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே டேவ் உல்மர் என்பவர் கறுப்பு நெகிழி வாளியொன்றைப் பாதி மண்ணில் புதைத்தார். நூல்கள், மென்பொருள், ஒரு கவண், அவரைக்காய் விதை அடைத்த தகரக் குவளை முதலியவற்றை அதில் இட்டு, இடத்தின் எண்களை இணையத்தில் அறிவித்தார். 'ஏதேனும் எடுத்தால் ஏதேனும் வையுங்கள்' என்பதே அவர் விதித்த விதி. சில நாட்களிலேயே மைக் டீக் என்பவர் அதைக் கண்டடைந்தார். அம்மாத இறுதியில் மாட் ஸ்டம் என்பவர் 'ஜியோகேச்சிங்' என்ற பெயரை முன்மொழிந்தார். 'ஜியோ' பூமியையும், 'கேச்' மறைத்து வைத்த பொருளையும் குறிக்கும். அவ்வாண்டு செப்டம்பரில் இதற்கெனத் தனி இணையதளம் தொடங்கியபோது உலகில் இருந்தவை 75 பெட்டிகளே. இன்று அவை முப்பது இலட்சத்திற்கும் மேல்.

புதிதாகத் தொடங்குவோர் அறிய வேண்டியவை சில. எண்கள் பெரும்பாலும் பாகையிலும் தசம நிமிடத்திலும் தரப்படுகின்றன. 17.460 நிமிடம் என்பதை 17 நிமிடம் 46 விநாடி என்று வாசித்துவிட்டால் அரை கிலோமீட்டருக்கும் அப்பால் போய் நிற்போம். புதுக் கருவியைத் திறந்த வெளியில் சில நிமிடங்கள் வைத்திருந்து, செயற்கைக்கோள்களை அறியவிட வேண்டும். அடர்ந்த மரங்களும் உயர்ந்த சுவர்களும் சமிக்ஞையைக் குழப்பும். இலக்கிற்குப் பத்து மீட்டருக்குள் வந்தபின் திசைமுள் தடுமாறும். அங்கிருந்து கருவியைப் பையில் இட்டுக் கண்களால் தேடுவதே முறை. முதல் வாளி புதைக்கப்பட்டதாயினும், இன்றைய விதிகள் நிலத்தைத் தோண்டிப் புதைப்பதைத் தடுக்கின்றன; உணவுப் பொருள் வைக்கவும் கூடாது; நில உரிமையாளரின் அனுமதியும் வேண்டும்.

இலட்சக்கணக்கான பெட்டிகளுக்குக் காவலர் எவருமில்லை. யாரும் காணாத இடத்தில், பெயரறியா ஒருவரின் பொருள் நம் கையில் வருகிறது. அதைச் சிதைக்கவும் முடியும்; எடுத்துச் செல்லவும் முடியும். ஆயினும் பெரும்பாலோர் மூடியை இறுக மூடி, அடுத்தவருக்காக அதே இடத்தில் வைத்துச் செல்கின்றனர். நாம் அமானிதம் என்று நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது இதைத்தான். மனிதர் எவரும் பார்க்காத போதும் அல்லாஹ் பார்க்கிறான் என்ற உணர்வை வகுப்பறையில் சொற்களால் ஊட்டுகிறோம். ஒரு புதரடியில், ஒரு சிறு பெட்டியைத் திரும்ப வைக்கும் அந்தக் கணத்தில், பிள்ளைகள் அதைத் தம் கைகளாலேயே கற்கட்டும்.