இல்லாத மாறியும் விழுந்த ஷெல்லும்

யுனிக்ஸில் சூழல் மாறிகள் 1979-இல் வெளியான ஏழாம் பதிப்போடு வந்தன. அதற்கு முன்பிருந்த கென் தாம்ப்சனின் ஷெல்லில் அந்த வசதி கிடையாது. பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் பார்ன் எழுதிய புதிய ஷெல்லில், பயனரின் வீட்டு அடைவைச் சொல்லும் ‘ஹோம்’, கட்டளைகளைத் தேடும் அடைவுகளைச் சொல்லும் ‘பாத்’ போன்றவை ஒரு நிரலிலிருந்து அது தொடங்கும் அடுத்த நிரலுக்குக் கைமாறின.

கேட்ட மாறி இல்லையென்றால் என்ன செய்வது? பார்ன் ஷெல் அதை வெற்றுச் சரமாகக் கொண்டு சத்தமின்றி மேலே போனது. பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி-ஷெல், மாறி வரையறுக்கப்படவில்லை என்று சொல்லி நின்றது. இதுவே நேர்மையான வழி. சி நூலகத்தின் ‘கெட்என்வ்’ செயற்கூறோ வெற்றுச் சுட்டியை, அதாவது முகவரி 0-ஐ, திருப்பித் தந்தது. ஷெல்லும் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்படும் நிரல்தான். ‘ஹோம்’ எப்படியும் இருக்கும் என்று நம்பி, வந்த சுட்டியைச் சோதிக்காமல் அதன் நீளத்தை அளக்கப் போனால் ஷெல்லே விழுந்துவிடும்.

இந்தப் பிழை நெடுநாள் மறைந்தே கிடந்தது. வாக்ஸ் இயந்திரங்களில் ஓடிய பெர்க்லி யுனிக்ஸில் முகவரி 0-ஐப் படித்தால் பூஜ்யம் கிடைக்கும். நிரல் அதை வெற்றுச் சரமாக எண்ணித் தொடரும். 1980-களில் அதே நிரல்களை சன் கணினிகளுக்குக் கொண்டுபோனபோது, அங்கே அந்த முகவரியைத் தொடவே அனுமதி இல்லை. செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற செய்தியோடு அவை நின்றன. பிழை புதிதாக முளைக்கவில்லை, முதன்முறையாகக் கண்ணில் பட்டது. இன்றைய பாஷ் ஷெல்லில் ‘ஹோம்’ இல்லாமல் வெறும் ‘சிடி’ என்று தட்டினால், ‘ஹோம் அமைக்கப்படவில்லை’ என்ற செய்தி மட்டும் வரும்.

பார்ன் ஷெல்லின் மௌனத்துக்கு மாற்றாக ‘செட் -யு’ என்ற தேர்வும் உண்டு. அதை இட்டால், அமைக்கப்படாத மாறியைத் தொட்டவுடன் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். ஆனால் அமைக்கப்பட்டு வெறுமையாக இருக்கும் மாறியை அது தடுக்காது. 2015 ஜனவரியில் தெரியவந்த வழு அந்த வகையைச் சேர்ந்தது. ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளத்தின் லினக்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு மாறியின் மதிப்பு வெறுமையாகிப்போனதால், ஓர் அடைவை மட்டும் துடைக்க வேண்டிய ‘ஆர்எம்’ கட்டளை வேர் அடைவிலிருந்தே தொடங்கி, பயனர் அழிக்க உரிமை பெற்ற கோப்புகளையெல்லாம் அழித்தது. பயமாக இருக்கிறது என்ற பொருளில் அந்த வரிக்கு மேல் எழுதியவரே ஒரு குறிப்பு இட்டிருந்தார். மாறியின் பெயரையடுத்து முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் (:?) இட்டிருந்தால், வெறுமையான மதிப்பைக் கண்டதும் ஷெல் அந்தக் கட்டளையை ஓட்டாமலேயே நின்றிருக்கும். முக்காற்புள்ளி இன்றிக் கேள்விக்குறி மட்டும் இட்டால், இல்லாத மாறிக்கே அது காவல்.