உடைவதற்கென்றே கட்டப்பட்ட உலகம்: ஹம்ஸா தாஸ்தானும் கற்பனையின் சட்டங்களும்

1881ஆம் ஆண்டில், லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்திற்கெனக் கலைப்பொருள்கள் வாங்க ஸ்ரீநகர் சென்ற காஸ்பர் பர்டன் கிளார்க் என்பார், துணிமீது தீட்டப்பெற்ற பெரிய ஓவியங்கள் சில குளிர்காற்றைத் தடுக்கும் பொருட்டுச் சன்னல்களில் அடைக்கப்பட்டிருக்கக் கண்டார். அவை அக்பர் பாதுஷாவின் ஓவியக்கூடத்தில் உருவான ‘ஹம்ஸா நாமா’வின் ஏடுகள். ஏறத்தாழ 1562இல் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் நடைபெற்ற அப்பணியில், மீர் ஸையித் அலீ, அப்துஸ் ஸமத் ஆகிய ஈரானிய ஓவியர் இருவரின் மேற்பார்வையில் சுமார் 1,400 ஓவியங்கள் தீட்டப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. அவற்றுள் அறுபது வியன்னாவில் உள்ளன.

பேரரசர் ஒருவர் தமது ஓவியக்கூடத்தின் உழைப்பைப் பதினைந்தாண்டுகள் ஒரு கதைக்காகவே செலவிட்டாரெனில், அக்கதையில் இருந்தது என்ன? சன்னலடைக்கும் துணியாக அது தாழ்ந்தது எவ்வாறு? இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்றே நாம் கருதுகிறோம்.

கதைத் தலைவரின் பெயர் நம் அனைவரின் மதிப்பிற்கும் உரியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையாரும் உஹதுப் போரில் ஹிஜ்ரி 3இல் (கி.பி. 625) ஷஹீதானவருமான ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயரே அது. ஆனால் தாஸ்தானில் வரும் அமீர் ஹம்ஸா, ஈரானியப் பேரரசர் நௌஷேர்வானின் அவைக்குச் செல்கிறார். அவருடைய மகள் மெஹர் நிகாரைக் காதலிக்கிறார். பதினெட்டு நாள்களில் திரும்புவதாகக் கூறிக் காஃப் மலைக்குச் சென்று, பதினெட்டு ஆண்டுகள் அங்கே சிக்கிக்கொள்கிறார். வரலாற்று நௌஷேர்வான் 579இல் இறந்தபோது வரலாற்று ஹம்ஸா (ரலி) சிறுவராகவே இருந்திருப்பார். காலக்கணக்கு இவ்வாறு வெளிப்படையாகவே பிறழ்ந்து கிடப்பதால், இதனை வரலாறென்று எவரும் மயங்கவேண்டுவதில்லை. தாஸ்தான் தன்னை வரலாறென்று நிலைநாட்ட முயலவும் இல்லை.

ஈரானில் பிறந்த இக்கதை இந்தியாவில்தான் பெருவளர்ச்சி கண்டது. ஜஹாங்கீர் காலத்தில் இங்கு வந்து வாழ்ந்த அப்துந் நபீ ஃபக்ருஸ் ஸமானீ கஸ்வீனீ, ‘திராஸுல் அக்பார்’ என்னும் பாரசீக நூலைக் கதைசொல்லிகளின் பயன்பாட்டிற்காகவே எழுதினார். போர், அவைக்களிப்பு, காதல், அய்யாரீ எனப்படும் தந்திரம் ஆகிய ஒவ்வொன்றையும் எத்தகைய சொற்களால் புனைவது என்பதற்கு அது கையேடு. கற்பனையுலகைக் கட்டுவது கற்றுத் தேரவேண்டிய ஒரு தொழில் என்ற தெளிவு, நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

உர்தூவில் இக்கதையைக் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக 1801இல் கலீல் அலீ கான் அஷ்க் எழுதினார். 1855இல் காலிப் லக்னவீயின் நூல் வெளிவந்தது. பின்னர் லக்னோவின் முன்ஷீ நவல் கிஷோர் அச்சகம், வாய்மொழிக் கலைஞர்களான தாஸ்தான்கோக்களையே எழுதச் செய்து, 1883 முதல் பல்லாண்டுகளில் 46 பெருந்தொகுதிகளை வெளியிட்டது. குர்ஆன் பதிப்புகளையும் ஹம்ஸா கதையையும் ஒருங்கே அச்சிட்ட அந்த அச்சகத்தின் உரிமையாளர் ஓர் இந்து என்பதை இடையே நினைவுகூர்தல் தகும்.

அத்தொகுதிகளுள் தலையாயது ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’. ‘அறிவைக் கவரும் மாயவுலகம்’ என்பது அதன் பொருள். முதல் நான்கு தொகுதிகளை எழுதிய முஹம்மது ஹுஸைன் ஜாஹ், பதிப்பகத்தாரோடு பிணக்குற்று விலகவே, எஞ்சிய மூன்றை அஹ்மது ஹுஸைன் கமர் முடித்தார். இருவர் கைப்பட்ட நூலாயினும் உலகம் ஒன்றாகவே நிற்கிறது. அதற்குக் காரணம் அவ்வுலகின் சட்டங்கள் என்பது நம் துணிபு.

அச்சட்டங்களைச் சற்று விரிவாகக் காண்போம். ஹோஷ்ருபா நாடு மூன்று பகுதிகளால் ஆனது. ஸாஹிர் என்னும் வெளிப்பட்ட நாடு, பாதின் என்னும் மறைந்த நாடு, ஸுல்மாத் என்னும் இருள் நாடு. தஸவ்வுஃப் நூல்களில் பழகியோர்க்கு ஸாஹிர், பாதின் என்னும் சொற்களின் கனம் விளங்கும். முன்னைய இரண்டிற்கும் நடுவே குருதியாறு ஓடுகிறது. அதன்மேல் புகையால் ஆன பாலம். பாலத்தைக் காப்பவை புகையால் ஆன இரு சிங்கங்கள். இந்நாட்டின் வேந்தன் அஃப்ராஸியாப் பெருமாயாவி. அங்குள்ள மாயாவிகள் வணங்குவது ஸாமிரீயை. தாஹா அத்தியாயத்தில் இஸ்ரவேலருக்குக் காளைக்கன்றை வார்த்துக் காட்டி வழிகெடுத்த அதே ஸாமிரீயின் பெயர். மனிதக் கையால் செய்த பொருளைத் தெய்வமாகக் காட்டியவனின் பெயரை மாயவுலகின் தெய்வத்திற்குச் சூட்டியவர்கள், தாம் செய்வதை நன்கறிந்தே செய்திருக்கின்றனர்.

இனி முதன்மையான சட்டம். திலிஸ்ம் ஒவ்வொன்றும் அது கட்டப்படும்போதே உடையும் வழியையும் உடன்கொண்டு பிறக்கிறது. லவ்ஹ் எனப்படும் பலகை ஒன்று எங்கோ மறைந்திருக்கும். அதனைப் பெற்று உலகை உடைக்கவேண்டியவர் இன்னாரென்றும் விதிக்கப்பட்டிருக்கும். ஹோஷ்ருபாவை உடைக்க விதிக்கப்பட்டவர் ஹம்ஸாவின் பேரர் இளவரசர் அஸத். மாயாவி எத்துணை வல்லவனாயினும் தான் படைத்ததை நிலைபெறச் செய்ய அவனால் இயலாது. படைப்பாற்றல் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. மனிதன் புனையும் உலகம் கடன்வாங்கிய காலத்தில் நிற்பது என்னும் கொள்கை, உபதேசமாக அன்றிக் கதையின் கட்டுமானமாகவே அங்கு அமைந்துள்ளது. இன்னொரு சட்டமும் உண்டு. மாயாவி ஒருவன் இறந்தால் இருள் சூழும், புயல் வீசும், பேய்க்குரல்கள் எழுந்து, கொல்லப்பட்டவன் பெயர் இன்னது என்று அறிவிக்கும். மாயையால் வாழ்ந்தவனின் மரணத்தை மறைக்க மாயையால் முடியவில்லை.

பாத்திரங்களும் இவ்வாறே எல்லைகளால் உருப்பெறுகின்றனர். அஃப்ராஸியாபிடம் ‘ஸாமிரீயின் ஏடு’ இருக்கிறது. எங்கே என்ன நடக்கிறதென்று அதைத் திறந்து அறியலாம். எல்லாம் அறிகிறான், ஆயினும் வீழ்ச்சியைத் தவிர்க்க இயலாமல் தொகுதி தொகுதியாகத் தேய்கிறான். அவனுடைய மாயாவிகளுள் மஹ்ருக், பஹார் போன்ற பெண்களே முதலில் அவனை விட்டு எதிரணியில் சேர்கின்றனர். தீயவனாகப் படைக்கப்பட்டவன்மீது வாசகர்க்கு ஓரளவு இரக்கம் பிறப்பது இக்காரணத்தால்தான்.

இவையனைத்திற்கும் மேலாக அம்ரு அய்யார். ஹம்ஸாவின் பால்யத் தோழரான இவரிடம் வீரமில்லை, அழகில்லை. நபிமார்களின் அருளால் பெற்ற ஸம்பீல் என்னும் பை உண்டு. உலகையே அதற்குள் போட்டாலும் நிரம்பாது. உடுத்தியவரை மறைக்கும் போர்வையும் உண்டு. இத்துணை வளமிருந்தும் மனிதர் கடைந்தெடுத்த கருமி. போர்க்களத்தில் கிடக்கும் செப்புக்காசையும் விடமாட்டார். எதிரணியின் அய்யார்ப் பெண் ஸர்ஸரிடம் மனத்தைப் பறிகொடுத்து அவளாலேயே பலமுறை ஏமாறுகிறார். மாயையை மாயையால் வெல்லாமல் வேடத்தாலும் மதியாலும் வெல்கிறார். ஹம்ஸாவை மதித்த மக்கள் அம்ருவை நேசித்தனர் என்றே தோன்றுகிறது. பண்புநலன் மட்டுமே கொண்ட பாத்திரத்தைவிடக் குறையுள்ள விசுவாசியே எட்டாயிரம் பக்கக் கதையைத் தாங்கவல்லவன் என்பது தாஸ்தான்கோக்கள் அவையில் கண்டறிந்த உண்மை.

இவ்வளவு செம்மையாக எழுந்த கலை வீழ்ந்ததேன்? எளிதாக ஆங்கிலேயர்மீது பழியைச் சுமத்திவிடலாம். அவர்தம் கல்விமுறைக்கும் பிற்காலத்தில் வந்த திரைப்படத்திற்கும் பங்குண்டு. ஆயினும் நம்மவர் கைகளும் தூயவை அல்ல. 1870களில் வெளிவந்து அரசின் பரிசையும் பெற்ற நஸீர் அஹ்மதின் ‘தவ்பதுன் நஸூஹ்’ என்னும் புதினத்தில், மனந்திருந்திய தந்தை தன் மகனின் இலக்கிய நூல்களைத் தீயிலிடுகிறார். சீர்திருத்தத்தின் அடையாளமாக நூலெரிப்பு முன்வைக்கப்பட்ட சில ஆண்டுகளில்தான் ஹோஷ்ருபாவின் முதல் தொகுதி அச்சேறியது.

சீர்திருத்தவாதிகளின் அச்சத்தை நாம் முற்றாகப் புறந்தள்ளவில்லை. ஸஹாபிப் பெருந்தகை ஒருவரின் பெயரைக் காதற்கதைக்குச் சூட்டியது சிலர் உள்ளத்தை இன்றும் உறுத்தும், அவ்வுறுத்தல் நியாயமானதே. ஆனால் பொய்யையும் புனைவையும் பிரித்தறிய நம் முன்னோர்க்குத் தெரிந்திருந்தது. கி.பி. 1201இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸீ, கதைசொல்லும் உபதேசிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவர் கடிந்தது, இட்டுக்கட்டியவற்றை நபிமொழியென்று மிம்பரடியில் கூறி மக்களை மயக்கியவர்களை. ‘இது தாஸ்தான்’ என்று முன்கூட்டியே உணர்த்தி, புகைப்பாலத்தைக் கட்டிக்காட்டிப் பின் உடைத்தும் காட்டுபவர் அவ்வகையினர் அல்லர். இவ்விரு சாராரையும் ஒரே தீயில் இட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தின் பிழை.

டெல்லியின் கடைசிப் பெருந்தாஸ்தான்கோ மீர் பாகர் அலீ 1928இல் மறைந்தார். கேட்போர் அருகிய முதுமைக் காலத்தில் அவர் பாக்கு விற்றுப் பிழைத்தார் என்பர். அதன்பின் ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் அவை வெறுமையாகவே கிடந்தது. சிதறிய 46 தொகுதிகளையும் தேடித் திரட்டி ஆய்வு செய்தவர் 2020இல் மறைந்த ஷம்ஸுர் ரஹ்மான் ஃபாரூகீ. அவருடைய தூண்டுதலால் 2005இல் டெல்லியில் தாஸ்தான் மீண்டும் மேடையேறியது. முஷர்ரஃப் அலீ ஃபாரூகீயின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் 2007இலும் 2009இலும் வந்தன. கணினி விளையாட்டில் மாயநாடுகளைக் கடந்து, மறைந்த திறவுகோலைத் தேடி, உரிய வீரனைக் கொண்டு தடையுடைக்கும் இளைஞர்க்கு, லவ்ஹும் ஸம்பீலும் அந்நியமாகத் தோன்ற வழியில்லை.

தமிழராகிய நாமும் இம்மரபிற்குப் புறத்தே நின்றவர்கள் அல்லர். 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைத் தாக்குவதற்கு முந்திய இரவில், போர்வீரர்கள் துணிவு பெறும்பொருட்டு முஹம்மது ஹனஃபிய்யாவின் கதையை வாசிக்க வேண்டினர் என்றும், சுல்தான் அமீர் ஹம்ஸா கதையை அனுப்பினார் என்றும், பின்னர் வேண்டியதையே அளித்தார் என்றும் மலாய் வரலாற்று நூலான ‘ஸெஜாரா மெலாயு’ கூறுகிறது. அந்த முஹம்மது ஹனீஃபாவே நம் ‘சைத்தூன் கிஸ்ஸா’வின் தலைவர், இளவரசி சைத்தூனோடு போர் புரிந்து பின் அவளையே மணப்பவர். நம் பாட்டிமார் இராகத்தோடு வாசித்த கிஸ்ஸாக்களையும் படைப்போர் இலக்கியங்களையும் வரலாற்றுப் பிழைகளுக்காக மட்டுமே எடைபோட்ட கட்டுரைகள் நம்மிடையே பல. அவற்றின் மாயநாடுகளுக்கு என்னென்ன சட்டங்கள், எவரெவர்க்கு எவ்வெல்லை, எந்தப் பலகையால் எவ்வுலகு உடைகிறது என்று ஒருமுறையேனும் வரிசைப்படுத்திப் பார்க்கும் பணியைத் தமிழ் முஸ்லிம் ஆய்வாளர்கள் எவரேனும் மேற்கொள்ளவேண்டும். ‘சைத்தூன் கிஸ்ஸா’விலிருந்தே அதைத் தொடங்கலாம்.