கோட்டில் ஓடும் பேருந்து, வட்டத்தில் கிடக்கும் ஊர்கள்

கன்னியாகுமரிக்குச் சொந்த வண்டி இல்லாமல் வந்து சேர்வது எளிது. வந்த பிறகு மாவட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதுதான் பெரும்பாடு. ரயிலோ பேருந்தோ முனையில் கொண்டுவந்து இறக்கிவிடும். பூம்புகார் கப்பல் கழகத்தின் படகு விவேகானந்தர் பாறைக்குக் கூட்டிப்போகும். அங்கிருந்து திருவள்ளுவர் சிலைக்கு, 2024 டிசம்பர் இறுதியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடந்தே போய்விடலாம். அதே பயணி மறுநாள் பத்மநாபபுரம் அரண்மனை, சிதறால் மலை, திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம் நான்கையும் பார்க்க நினைத்தால் வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம் என்று பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக மாறி நின்றே பாதிப் பகல் போய்விடும். கடைசியில் வேன்காரரிடம் பேரம் பேசத் தொடங்குவார். பேருந்து போதவில்லை என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். தமிழ்நாட்டில் பேருந்துக்குப் பஞ்சமான மாவட்டம் என்று குமரியைச் சொல்ல முடியாது. குறை தடங்களின் வடிவத்தில் இருக்கிறது. இங்கே அரசு அமைத்த போக்குவரத்து முழுவதும் அந்நாளைய திருவிதாங்கூர்த் தலைநகரான திருவனந்தபுரத்தையும் முனையையும் சேர்க்கும் ஒரு கோடாக வளர்ந்தது; அதற்கு முன்பே மக்களின் கால்கள் போட்டு வைத்திருந்த வட்டத்தை அது கண்டுகொள்ளவே இல்லை.

அந்த வட்டத்தின் பெயர் சிவாலய ஓட்டம். மாசி மாத மகா சிவராத்திரியை ஒட்டி, முஞ்சிறை அருகே திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலத்தில் முடியும் பன்னிரண்டு சிவன் கோயில் பயணம் அது. நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் தூரத்தை ஓர் இரவும் ஒரு பகலுமாக, கையில் பனையோலை விசிறியும் வாயில் 'கோபாலா, கோவிந்தா'வுமாக ஓடியும் நடந்தும் கடப்பார்கள். சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் திருமாலின் பெயரைச் சொல்வதற்குப் பீமனும் புருஷாமிருகமும் வரும் கதையொன்று உண்டு. அதை இங்கே விரிக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது வரைபடத்தை. கல்குளம் கோயில் நிற்பது பத்மநாபபுரம் கோட்டைக்குள். திற்பரப்புக் கோயிலை ஒட்டித்தான் கோதையாற்று அருவி விழுகிறது. திருநந்திக்கரையில் இருப்பது குடைவரைக் கோயில். ஆக, இன்றைய சுற்றுலாப் பயணி வேன் பிடித்துப் போகும் இடங்களில் முக்கியமானவை, ஓட்டக்காரர்கள் காலால் கோர்த்து வைத்த அதே மாலையில் இருக்கின்றன. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் உட்பகுதி ஊர்களை ஒன்றோடொன்று சேர்க்கும் வழி முதலில் இருந்தது. நாகர்கோவிலுக்குப் போய்த் திரும்ப வேண்டிய தேவை அந்த வழியில் இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் நேர்ச்சையைப் போக்குவரத்து என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். ஓட்டம் ஆண்டுக்கொரு முறைதான்; அது போகும் வழிகள் ஆண்டு முழுவதும் புழங்கியவை. வழியம்பலமும் கல்மடமும் சுமைதாங்கிக் கல்லும் திருவிதாங்கூர்ப் பாதைகளில் எங்கும் இருந்தன. தலைச்சுமையோடு சந்தைக்குப் போனவர்களுக்காகவே அவை நின்றன. இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. அந்த வட்டம் எல்லோருக்கும் திறந்திருந்ததா? இல்லை. சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கும் உரிமைக்காகவே 1926-இல் டாக்டர் எம்பெருமாள் நாயுடு முதலானோர் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகே கோயில் வாசல் திறந்தது. பழைய நடைவழியைப் பொற்காலம் என்று புகழ்கிறவர்கள் இதை மறைக்கக் கூடாது. வட்டம் என்ற வடிவத்தைப் பாராட்டலாம். அதில் யார் நடக்கலாம் என்று வைத்திருந்த விதியைப் பாராட்ட முடியாது.

பிரகடனத்துக்கு ஒன்றே கால் ஆண்டு கழித்து, 1938 பிப்ரவரி 20-இல், திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறையைச் சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கி வைத்தார். திவானாக சர் சி.பி. ராமசாமி ஐயர் இருந்த காலம். லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்ற ஆங்கிலேயரைக் கொண்டுவந்து பொறுப்பில் அமர்த்தினார்கள். இங்கிலாந்திலிருந்து பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பூட்டிய காமெட் சேசிஸ்களை இறக்கி, உள்ளூரிலேயே கூடு கட்டினார்கள். அரசு முதலில் எடுத்துக்கொண்ட தடங்களில் ஒன்று திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி. காசு கொடுத்தவருக்குச் சீட்டு என்ற ஏற்பாட்டின் அருமையை, முந்தைய பத்தியோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும். ஆனால் தடத்தின் வடிவம் ஆட்சியின் வடிவமாகவே இருந்தது: தலைநகரில் தொடங்கி எல்லையில் முடிந்தது. இது பேருந்தோடு தொடங்கியதும் அல்ல. 1860-இல் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மா கால்வாயும் திருவனந்தபுரத்தையும் குமரியையும் நீர்வழியால் சேர்க்கப் போட்ட திட்டம்தான். மண்டைக்காட்டுப் பக்கம் வந்ததோடு நின்றுபோனது.

1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது தலைநகரே மாறிவிட்டது. தடங்கள் மட்டும் மாறவில்லை. மாநிலத்தின் பிற ஊர்கள் பலவற்றில் தனியார் பேருந்துகள் கோலோச்சியபோது, குமரி தன் அரசுப் பேருந்துகளைச் சீதனமாகக் கொண்டுவந்தது. பிறகு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம், 1983-இல் மார்ஷல் நேசமணி பெயரில் நாகர்கோவில் ராணித்தோட்டத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தனிக் கழகம் என்று பலகைகள் மாறின. 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து வந்த ரயிலும் 1981-இல் திருநெல்வேலியோடு இணைந்த பாதையும் பழைய கோட்டையே இன்னும் அழுத்தி வரைந்தன. மிச்சத் தடங்கள் நாகர்கோவிலிலிருந்தும் தக்கலை, மார்த்தாண்டத்திலிருந்தும் கிளை பிரிந்து, ஓர் ஊரில் போய் முட்டித் திரும்புகிறவை. அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களுக்கு அது சரியான அமைப்பு. அதைக் குறை சொல்ல இடமில்லை.

சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வாழும் மாவட்டத்தில் பேருந்து நிறைய ஓடுவது இயல்புதானே, இதில் வரலாறு எங்கே வந்தது என்று ஒருவர் கேட்கலாம். நெருக்கம் எத்தனை பேருந்து ஓடும் என்பதைத் தீர்மானிக்கும். அவை எந்த ஊரை எந்த ஊரோடு சேர்க்கும் என்பதைத் தீர்மானிப்பது நிர்வாகம். பயணிகள் சூரிய உதயத்துக்குத்தானே வருகிறார்கள், உட்பகுதி ஊர்களுக்கு யார் போவார் என்பது இன்னொரு வாதம். கோடு கொண்டுபோய் விடுகிற இடத்தில்தான் கூட்டம் சேரும் என்பதையே அது காட்டுகிறது. பயணியைச் சுற்ற வைக்கும் போக்குவரத்துக்கு வெளிநாட்டில் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் 1971-இல் திறந்த டிஸ்னி வேர்ல்டில் மானோரயிலும் படகும் பேருந்தும் விருந்தினரைக் கார் இல்லாமலே சுற்ற வைக்கின்றன. அங்கே எல்லாம் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். இங்கே படகு ஒரு கழகத்திடம், பேருந்து இன்னொரு கழகத்திடம், ரயில் மத்திய அரசிடம். தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனையோ கேரள அரசின் தொல்லியல் துறையிடம். ஒப்பீடு பொருந்தாது என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் ஒரு சுற்றுத் தடம் போட இத்தனை பேர் கூடிப் பேச வேண்டியதில்லை. தக்கலை, பத்மநாபபுரம், மாத்தூர், திற்பரப்பு, சிதறால், மார்த்தாண்டம் என்று சுற்றிவர இருக்கிற சாலையே போதும்.

உதகையில் சுற்றுலாவுக்கென்று சுற்றுப் பேருந்து விட்ட அரசுக்குக் குமரியில் அது முடியாத காரியமல்ல. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, நாள் முழுதும் ஏறி இறங்க ஒரே சீட்டு என்று ராணித்தோட்டம் தொடங்கிப் பார்க்கட்டும். இன்று பைக்கிலும் வேனிலும் போகிற சிவாலயப் பக்தர்களில் ஒரு பகுதியினரே அதற்கு முதல் பயணிகளாகக் கிடைப்பார்கள். அதுவரை பேருந்தில் போகிறவர்கள் தக்கலையில் இறங்கினால் அரண்மனை ஏறக்குறைய 2 கிலோமீட்டர், நடந்துவிடலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை.